தூசிக்கும் கல்லுக்கும் நடுவே

இன்று காலை அம்மாவும் நானும் பீரோவை நகர்த்தினோம். போகிக்கு முன்னால் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற வேலைதான். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த இருட்டிலிருந்து ஒரு தூசி உருண்டை வெளியே வந்தது. சாம்பல் நிறம், சின்ன எலுமிச்சை அளவு. உள்ளே என் தலைமுடி ஒன்றும் சிவப்பு நூல் ஒன்றும் சுருண்டிருந்தன. மின்விசிறிக் காற்றுக்கு அது தரையில் உருண்டு வந்து என் கால் விரலைத் தொட்டு நின்றது. அம்மா துடைப்பத்தை நீட்டினார். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"இன்னாடி, குப்பையப் போயி பாத்துக்கினு நிக்கிற?"

நீ இருந்திருந்தால் அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லியிருப்பாய்.

நாம் முதுகலை சேர்ந்த வருடம் நீ எங்கள் வீட்டுக்கு வந்தது ஞாபகம் வந்தது. பொங்கலன்று சாப்பிட வா என்று கூப்பிட்டிருந்தேன். நீ அதற்கு முன்பே, வீடு தலைகீழாகக் கிடந்த நாளில் வந்து நின்றாய். வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள், துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, "நகருங்கம்மா, இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்" என்றாய். விருந்தாளியை வேலை வாங்குவதா என்று அம்மா கூசினார். நீ கேட்கவில்லை. பீரோ நகர்ந்தது. பின்னால் ஏழெட்டுத் தூசி உருண்டைகள். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"ஏம்மா, இந்த பீரோ எத்தினி வருசமா இங்க கீது?"

"இவ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து. என் சீரு."

"இத்தினி வருசத்துல ஒரு கூழாங்கல்லு கூட வரலியே."

"வருசா வருசம் பெருக்கறேன். கல்லு எங்கேருந்து வரும்?"

"பெருக்காம வுட்டா வருமா?"

"உங்க வூட்ல வுட்டுப் பாரு" என்றார் அம்மா. நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

அந்த வாரம்தான் முதுகலை வகுப்பில் சூரியக் குடும்பம் பிறந்த கதையை நடத்தியிருந்தார்கள். பெரிய வாயு மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழல்கிறது. சுழற்சியில் தட்டையாகித் தோசை மாதிரி பரவுகிறது. நடுவில் சூரியன். சுற்றிலும் உள்ள தட்டில் தூசியோடு தூசி ஒட்டிக் கல்லாகிறது, கல்லோடு கல் சேர்ந்து கோளாகிறது. நான் அதை இரண்டு பக்கத்தில் அழகாக எழுதி, படம் போட்டு, மனப்பாடம் செய்திருந்தேன். நீ அந்தத் தூசி உருண்டையை விரலால் தள்ளிக்கொண்டே என்னிடம் கேட்டாய்.

"சொல்லுடி. சின்னது ஒட்டும், சரி. பெருசும் பெருசும் மோதினா எப்படி ஒட்டும்? தெறிச்சு ஓடாதா?"

"புக்குல அப்டித்தான் போட்டிருக்கு" என்றேன்.

"புக்கு கெடக்குது. நீ சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. உன்னிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் வீட்டில் புத்தகம் என்று வந்ததே என் பள்ளிப் புத்தகங்கள்தான். அவற்றுக்கு அப்பா உட்கார்ந்து அட்டை போடுவார். அவருக்கு உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரியாது. ஆனால் மடிப்பு ஒரு நூல் பிசகாது. அப்படி அட்டை போட்டுக் கொடுக்கப்பட்ட ஒன்றில் எழுதியிருப்பது சரியா என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. யாரோ எங்கோ எல்லாவற்றையும் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள், எங்களைப் போன்றவர்கள் வேலை அதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லித்தான் நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனேன்.

நீ வளர்ந்த இடம் வேறு. கடைத்தெருவில் உன் அத்தாவின் எலக்ட்ரிக்கல் கடை; அப்பாவை நீ அப்படித்தான் கூப்பிடுவாய். வருகிறவர்கள் ஒரு பல்பைக் கூடக் கேள்வி கேட்காமல் வாங்குவதில்லை. எத்தனை நாள் எரியும், போன தடவை வாங்கினது ஏன் உடனே போச்சு, இந்தக் கம்பெனியை நம்பலாமா. நீ கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். எந்தப் பொருளும் நாலு கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் கைமாறும் என்பது உனக்கு மூச்சு மாதிரி. வாயு மேகத்தையும் நீ அப்படித்தான் வாங்கப் பார்த்தாய்.

பொங்கல் விடுமுறை முடிந்து துறைக் கணினியில் நாம் தேடியபோது, நீ கேட்ட கேள்வி ஏற்கனவே பெரிய ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது தெரிந்தது. மாவு மாதிரித் தூசி ஒட்டும். அரிசி அளவு, கோலிக்குண்டு அளவு வரை கூடக் கதை ஓடுகிறது. அதற்கு மேல் மோதினால் ஒட்டாமல் எகிறுகிறது, அல்லது உடைகிறது. எப்படியோ தப்பித்து ஒரு மீட்டர் அளவுக்கு வளர்ந்த கல்லுக்கு வேறு ஆபத்து. தட்டில் உள்ள வாயு தன் அழுத்தத்தால் கொஞ்சம் தாங்கப்பட்டு, மெதுவாகவே சூரியனைச் சுற்றுகிறது. கல்லுக்கு அந்தத் தாங்கல் இல்லை. அது வேகமாக ஓடியாக வேண்டும். அதனால் கல்லின் முகத்தில் எப்போதும் எதிர்காற்று. காற்றில் வேகம் குறைந்து குறைந்து, சுருள் சுருளாக உள்ளே இறங்கி, வளர நேரமே கிடைக்காமல் சூரியனில் விழுந்துவிடும். கணக்குப்படி பூமி இருந்திருக்கவே கூடாது.

எனக்கு இந்த எதிர்காற்று புரியவில்லை. நீ என்னை ஸ்கூட்டியில் ஏற்றி ஊசுட்டேரிக் கரைக்குக் கொண்டுபோனாய். இலை அசையாத மத்தியானம். ஏரித் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. நீ வண்டியை முறுக்கினாய். என் கண்ணில் தண்ணீர் வந்தது.

"காத்தே இல்ல, பாத்தியா? ஆனா மூஞ்சில அடிக்குதா இல்லியா?"

"அடிக்குது, மெதுவாப் போடி."

"நாமதான் கல்லு. காத்து அது பாட்டுக்கு சோம்பேறியாப் போய்க்கினு கீது. நாம அவசரப்படறோம், அதான் அடி."

கரையோரம் வண்டியை நிறுத்தினாய். எனக்குள் ஏதோ சரிந்திருந்தது. அப்போ இத்தனை வருடம் நமக்குச் சொன்னது பொய்யா என்று கேட்டேன். துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ என்னை விளையாட்டாகப் பார்க்கவில்லை.

"பொய் இல்லடி. முன்னாடி கதை தெரியும், மேகம் சுருங்குது. அந்த மாதிரி தட்ட மத்த நட்சத்திரத்தச் சுத்தி போட்டோவே எடுத்துட்டாங்க. பின்னாடி கதையும் தெரியும், அதான் நாம ஒக்காந்துக்கினு கீறோமே. நடுவுல ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு, அவ்ளோதான்."

"கிழிஞ்சிருக்குன்னு ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நீ இப்டி அழுவன்னுதான்." பிறகு என் முதுகில் ஒன்று வைத்துச் சொன்னாய்: "ஓட்டை இருந்தாத்தான்டி நம்மள மாதிரி ஆளு உள்ள பூர முடியும். எல்லாம் அடச்சு வெச்சிருந்தா நமக்கு இன்னா வேலை?"

நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு அடைத்து வைத்த வீடுதான் பிடித்திருந்தது.

கல்லூரியில் கிராமப் பள்ளிகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போகும் திட்டம் வந்தபோது முதலில் பெயர் கொடுத்தது நீ. என் பெயரையும் நீயே கொடுத்தாய். பேசுவது நீ, சாமான் தூக்குவது நான் என்று பேச்சு. பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளி. சுற்றிலும் நடவு முடிந்த வயல். உன் அத்தா கடையிலிருந்து ஒரு சுழல் நாற்காலியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு போனோம். ஒரு பெண்ணை அதில் உட்காரவைத்து, இரண்டு கையிலும் செங்கல் கொடுத்து, கையை நீட்டச் சொல்லிச் சுற்றிவிட்டாய். கையை மடக்கியதும் அவள் சரசரவென்று சுழன்றாள். வகுப்பே கூச்சலிட்டது.

"மேகம் சுருங்கினா இப்டித்தான் வேகமாச் சுத்தும். அப்போ எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கின சூரியன் எப்படிச் சுத்தணும்?"

"பயங்கரமா சுத்தணும்க்கா."

"ஆனா சுத்தல. ஒரு தடவ திரும்பவே அதுக்கு ஏறக்குறைய ஒரு மாசம் ஆவுது. எடையெல்லாம் சூரியன்கிட்ட, சுத்தற சக்தியெல்லாம் கோளுங்ககிட்ட. ஏன்?"

பிள்ளைகள் உன் வாயைப் பார்த்தார்கள். நீ சொன்னாய்: "காந்தப்புலம் புடிச்சு நிறுத்தியிருக்கும்னு சொல்றாங்க. பாதி புரிஞ்சிருக்கு. மீதி தெரியாது."

பின்னால் நின்றிருந்த ஆசிரியை முகம் மாறியதை நான் கவனித்தேன். பிள்ளைகளிடம் போய்த் தெரியாது என்று சொல்லலாமா என்று எனக்கும் தோன்றியது. பிள்ளைகளோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து மைதானத்தில் கோள்களாக நிற்கச் சொன்னாய். சூரியன் நடுவில், மற்றவர்கள் வரிசையாகத் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும் என்பது உன் திட்டம். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்களே நின்றுவிட்டார்கள். நடுவில் ஒருத்தி, சுற்றி எட்டுப் பேர் சதுரமாக, ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு. கோயில் நவகிரகம். நான் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். கோயிலுக்குப் போகாத உனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"ஏன் இப்டி கோச்சுக்கினு நிக்கிறீங்க?"

"ஒருத்தர ஒருத்தர் பாக்கக் கூடாதுக்கா" என்றாள் ஒரு சின்னப் பெண், உனக்கு இதுகூடத் தெரியாதா என்ற இரக்கத்தோடு.

அவர்களைப் பிரித்து வரிசையில் நிறுத்திப் பெயர் கொடுக்க ஆரம்பித்தாய். புதன் கிடைத்தது, வெள்ளிக்குச் சண்டை நடந்தது, குரு என்றதும் வியாழனுக்கு நாலு பேர் கை தூக்கினார்கள். சனி என்றதும் வரிசை ஓர் அடி பின்னால் போனது.

"நான் மாட்டேன்க்கா. எங்கம்மா திட்டும்."

"இவள வையுங்கக்கா, இவ பரீட்சையில பெயிலு."

"போடி, நீதான்டி சனி."

அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்தாள். நீ செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைக்குள் போய் நின்றாய். "யாரும் வேணாம். நான்தான் சனி. எங்களுக்கெல்லாம் சனிக்கிழமைன்னா கடையில கூட்டம். நல்ல நாளு." துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி வளையமாக விரித்துப் பிடித்துக்கொண்டாய். பிறகு மைதானம் முழுக்கச் சுற்றினாய், எல்லோரையும் விட மெதுவாக, ரொம்பக் கம்பீரமாக. கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சனியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆட்டோவில் திரும்பும்போது நீ அந்த நாற்காலி முதுகில் தலை சாய்த்துத் தூங்கினாய். வெயிலில் சுற்றியதால் வந்த அசதி என்று நினைத்தேன்.

அந்த அசதி போகவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. பிறகு இரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரி. இரத்தத்திலேயே நோய் என்றார்கள். நான் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் வழியில் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்து, வந்ததும் எதுவும் வராமல் உட்கார்ந்திருப்பேன். உன் அம்மா எனக்கு டீ ஊற்றிக் கொடுப்பார். நீ மொட்டைத் தலையில் ஸ்கார்ப் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பாய்.

"மூஞ்சத் தூக்கிக்கினு ஒக்காராத. அந்த மீட்டர் கல்லு இன்னா ஆச்சு, சொல்லு."

அதற்காகவே நான் படித்துவிட்டு வர ஆரம்பித்தேன். உனக்குச் சொல்ல வேண்டுமே என்று கட்டுரைகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு நாள் நீயே முந்திக்கொண்டாய். செவ்வாய் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பது இன்னொரு சிக்கல். எளிய கணக்குப் போட்டால் அந்த இடத்தில் பூமி அளவுக்கு ஒரு கோள் வர வேண்டும். அதற்கு ஒரு விளக்கத்தைப் போனில் படித்து வைத்திருந்தாய். தலையணையில் சாய்ந்துகொண்டு, கையால் காற்றில் வரைந்தாய்.

"வியாழன் ஆரம்பத்துல உள்ளப் பாத்து வந்துக்கினே இருந்துச்சாம். செவ்வாய் கட்ட வெச்சிருந்த சாமானையெல்லாம் கலச்சு வுட்டுச்சாம். வேற நட்சத்திரத்துல எல்லாம் பாரு, வியாழன் மாதிரி கோளு அடுப்பு மேல ஏறி ஒக்காந்த மாதிரி பக்கத்துலயே கீது. இங்கயும் அப்டி வந்திருந்தா நாம கெடயாது. அப்பதான் பின்னாடியே வந்து ஒருத்தர் அத வெளிய இழுத்துக்கினு போனாரு. யாருன்னு கேளு."

"யாரு?"

"சனி பகவான். நான் நடிச்ச கேரக்டரு சும்மா இல்லடி."

"நெசமாவா?"

"யாருக்குத் தெரியும்? ஓர் ஊகம். அதுலயும் ஆயிரம் ஓட்டை." சொல்லிவிட்டு இருமினாய். உன் அம்மா முதுகைத் தடவினார். இருமல் அடங்கியதும் நீ மெதுவாகச் சொன்னாய்: "டாக்டருகிட்ட கேட்டேன், சரியாப் பூடுமான்னு. தெரியலம்மா, பாக்கலாம்னு சொன்னாரு. எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு. தெரியலன்னா ரெண்டு பக்கமும் வழி தொறந்துதானே கீது."

வழி ஒரு பக்கமாகத்தான் திறந்தது. உன்னை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போனபோது கடைத்தெருவில் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. பெண்களோடு நானும் உன் வீட்டு வாசல் வரைதான் வந்தேன். உன் அம்மா என் கையை விடவே இல்லை.

அதற்குப் பிறகு நான் படிப்பை முடித்தது பழக்கத்தால் மட்டும்தான். வகுப்பில் யாரோடும் பேச்சில்லை. நாம் இரண்டு பேரும் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிப்பதாக இருந்தோம். நான் மட்டும் விண்ணப்பித்தேன், அதுவும் உன் அம்மா இரண்டு முறை போன் பண்ணிக் கேட்டதால். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்த அதே வாரம் அப்பா ஒரு சேதியோடு வந்தார். அவர் சேதராப்பட்டில் ஷிப்ட் பார்க்கிற கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். யார் யாரிடமோ நின்று கேட்டிருக்கிறார். சேர வேண்டிய நாளும் இன்டர்வியூ நாளும் ஒன்று. அன்றைக்குப் போகவில்லை என்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

அந்த வேலை வீட்டுக்குத் தேவை. அது எனக்குத் தெரியும். இன்டர்வியூவில் ஊமையாக உட்கார்ந்துவிட்டு வரப்போகிறேன் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு சுலபம். ஆனால் நான் வேலைக்குச் சரி என்று சொல்ல வாயெடுத்தபோது அப்பாதான் கேட்டார்.

"அந்தப் படிப்பு இன்னாத்தப் பத்தி?"

அப்பா என் படிப்பைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு முன்னால் நான் பேசிப் பழக்கமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பூமி, மத்த கோளுங்க எல்லாம் எப்படி உண்டாச்சுன்னுப்பா."

"அதான் உன் ஸ்கூல் புக்குலயே படம் போட்டிருந்தானே. நான் அட்ட போடச்சொல்ல பாத்திருக்கேன். சூரியன், சுத்தி வட்டம் வட்டமா."

"அது இப்ப எப்படி இருக்குன்னு படம். எப்படி வந்துச்சுன்னு முழுசாத் தெரியாதுப்பா. தூசிலேருந்து ஆரம்பிக்குது. தூசி எப்படிக் கல்லாச்சுன்னே இன்னும் சரியாச் சொல்ல முடியல."

"இன்னா, இன்னுமா கண்டுபுடிக்கல?"

"இன்னும் இல்லப்பா."

அவர் கொஞ்ச நேரம் கால் விரலை நெறித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"அப்ப அங்க வேலை நெறைய கீதுன்னு சொல்லு" என்றார் அப்பா. "கம்பெனில வேலை கொறஞ்சா ஆளக் கொறைக்கிறான். வேலை முடியாத எடமாப் பாத்துச் சேரு."

"அந்த எடத்துக்கு யாரு யாருகிட்டயோ கேட்டுட்டு, இப்ப இன்னா சொல்லுவ?" என்று கேட்டார் அம்மா.

"பொண்ணு பூமி எப்படி உண்டாச்சுன்னு பாக்கப் பூடுச்சுன்னு சொல்றேன். சிரிப்பானுங்க. சிரிக்கட்டும்."

அவரே ஷிப்ட் மாற்றிக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். இன்டர்வியூ நடந்த வளாகத்து வாசலில் வேப்ப மர நிழலில் உட்கார்ந்துகொண்டு, போ போ என்று கையை ஆட்டினார்.

உள்ளே நான்கு பேர். முதல் கேள்வி நான் பயந்த அளவுக்கு இல்லை. சூரியக் குடும்பம் எப்படி உருவானது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார்கள். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு பக்கம் மனப்பாடம். மேகம், சுருக்கம், சுழற்சி, தட்டு, தூசி என்று வரிசையாக வந்தது. தூசி ஒட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்து கல்லாகும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் நின்றுவிட்டது. எனக்கு அந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். சொல்ல முடியவில்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த நரைத்த தலை அம்மையார், ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். இதற்கு மேல் உறுதியாகத் தெரியாது என்றேன். போச்சு என்று நினைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, தெரியாததைச் சொல்லுங்கள்" என்றார்.

அப்போது நான் பேசினேன். எதிர்காற்றைச் சொன்னேன். மீட்டர் கல் விழுவதைச் சொன்னேன். இப்போது அதிகம் பேசப்படுகிற ஒரு விளக்கத்தைச் சொன்னேன்: தனிக் கல் காற்றில் வேகம் இழந்து விழுகிறது, ஆனால் கற்கள் கூட்டமாகச் சேர்ந்தால் சுற்றியுள்ள வாயுவையே தங்களோடு இழுத்துக்கொண்டு ஓடுகின்றன, எதிர்காற்று குறைகிறது, இறங்குவது மெதுவாகிறது, பின்னால் வருகிற கற்களும் வந்து சேருகின்றன, கூட்டம் அடர்ந்து தன் ஈர்ப்பிலேயே ஒன்றாக விழுந்து பெரிய பாறையாகிறது. நடுநடுவே நின்றேன். ஆங்கிலச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. பாதியில்தான் கண்டுபிடித்தேன். நான் நிற்கிற இடமெல்லாம் நீ குறுக்கே விழுகிற இடம். "இரு, அது எப்படி?" என்று நீ கேட்பாய் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் உனக்குச் சொல்லிச் சொல்லி, என் பேச்சே அப்படி ஆகியிருந்தது.

கற்கள் சேர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு அப்படி ஒருமுறை நின்றபோது, அந்த அம்மையார் முன்னால் குனிந்தார்.

"இருங்கள். அப்படிச் சேர முதலில் போதுமான கற்கள் வேண்டுமே. அவை எங்கிருந்து வந்தன?"

அது நீ கேட்கிற கேள்வி. "அதுதான் தெரியவில்லை மேடம்" என்றேன். எனக்கே தெரியாமல் சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அது இன்டர்வியூ மாதிரி இல்லை. இன்னொருவர் வேறொரு யோசனை சொன்னார், அதை அம்மையார் மறுத்தார், என்னைப் பார்த்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார். நான் நினைத்ததைச் சொன்னேன்.

வெளியே வந்தபோது அப்பா எழுந்து நின்றார்.

"இன்னா கேட்டாங்க?"

"தெரியாததக் கேட்டாங்கப்பா."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

போன வாரம் இடம் கிடைத்த சேதி வந்தது. முதலில் உன் அம்மாவுக்குத்தான் போன் பண்ணினேன். அவர் அழுதார், பிறகு உன் அத்தாவிடம் போனைக் கொடுத்தார். அவர், ஹாஸ்டலுக்கு ஒரு மேசை விளக்கு கடையிலிருந்து எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள் என்றார். எத்தனை நாள் எரியும் என்று கேட்டேன். "நீயும் ஆரம்பிச்சுட்டியாம்மா" என்றார்.

பொங்கல் முடிந்ததும் கிளம்புகிறேன். கூச்சம் எங்கும் போய்விடவில்லை. புது ஊரை, புது ஆட்களை நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. ஓட்டையுள்ள கதையில் குடியிருக்க மட்டும் பயமில்லை இப்போது. அந்தக் கிழிந்த பக்கத்தை நான் எழுதிவிடுவேன் என்று சொல்ல மாட்டேன். அதன் ஓரத்தில் ஒரு வரியாவது எழுதிப் பார்ப்பேன்.

நிறுத்தி நிறுத்திப் பேசுகிற பெண் என்று அங்கேயும் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் விடுகிற ஒவ்வொரு நிறுத்தமும் உன் அளவுக்கு வெட்டிய இடம். அதை நான் மூடப்போவதில்லை. இனி அந்த இடத்தில் வேறு யாராவது வந்து, "இருங்கள், அது எப்படி?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் காத்திருந்து, அவர்கள் பக்கம் திரும்பி, தெரிந்த வரைக்கும் சொல்வேன்.